படுத்த குதிரை எழும் வரை

மெரினாவில் சவாரிக்கு விடப்படும் ஆண் குதிரை ஒன்றுக்குக் காயடிக்கச் சென்றிருந்தேன். ஊசியை எடுப்பதற்கு முன்பே குதிரைக்காரர் கேட்டார்: "படுக்க வெச்சிடுவீங்க டாக்டர், சரி. எந்திரிச்சிடும் இல்ல?" நாங்கள் பாடத்தில் மிகவும் தாமதமாக வந்தடைந்த கேள்வி அது.

அவருடைய அச்சம் வீண் அச்சமன்று. 2002இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, மயக்கம் கொடுக்கப்பட்ட 41,824 குதிரைகளைக் கணக்கெடுத்தது. வயிற்றுவலிக்கான அறுவைகளை விலக்கிப் பார்த்தாலும், ஏழு நாட்களுக்குள் 0.9 விழுக்காடு குதிரைகள் இறந்திருந்தன. அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதயமும் இரத்த ஓட்டமும் நின்றுபோனதாலும், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எலும்பு முறிவாலும் இறந்தன. கத்தி பட்டு முறிவதில்லை எலும்பு. எழ முயலும்போதுதான் முறிகிறது.

கொட்டிலில் செய்யும் சிறு அறுவைக்கு முதல் மருந்து, குதிரையை அமைதிப்படுத்தும் சைலசின், கிலோவுக்கு 1.1 மில்லிகிராம். இந்தக் குதிரை சுமார் 300 கிலோ என்பதால் 330 மில்லிகிராமைக் கழுத்துச் சிரையில், அதுவும் கழுத்தின் மேற்பகுதியில், மெதுவாகச் செலுத்தினேன். அங்கே சிரைக்கும் தமனிக்கும் நடுவே ஒரு தசை இருப்பதால் ஊசி தமனிக்குள் நுழையும் ஆபத்து குறைவு. நுழைந்துவிட்டால் மருந்து நேராக மூளைக்குப் போய், ஊசியை உருவுவதற்குள் குதிரை வலிப்பெடுத்து விழும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் இதை விரலால் தொட்டுத் தொட்டுப் பழகியிருக்கிறேன்.

பிறகு காத்திருக்க வேண்டும். தலை முழங்காலுக்குக் கீழே தொங்கி, கால்கள் அகன்று, உடல் ஆடும் வரை, மயக்கத்தில் ஆழ்த்தும் அடுத்த மருந்தான கெட்டமினைத் தொடக்கூடாது. அரைகுறை மயக்கத்தில் கெட்டமின் ஏறினால் தசைகள் விறைத்துக் குதிரை வெறிகொள்ளும். தலை தொங்கியதாலேயே அது தூங்கிவிட்டதாகவும் எண்ணக்கூடாது. ஓர் ஆரன் சத்தத்துக்கு அது குறி தவறாமல் உதைக்கும். சென்னையில் இத்தகைய வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்வதற்கு வெயில் மட்டும் காரணமன்று.

தசைகளைத் தளர்த்தும் டயாசெபாமும் கெட்டமினும் ஏறிய இரண்டு நிமிடத்துக்குள் அது சாய்ந்தது. முகநரம்பு நசுங்காதிருக்கத் தலைக்கயிற்றைக் கழற்றினோம். அடியில் கிடந்த முன்னங்காலை முன்னே இழுத்து வைத்தோம். மருத்துவமனையில் ஐசோஃப்ளுரேன் என்னும் மயக்க வாயுவைக் கொடுத்து நெடுநேரம் செய்யும் அறுவைகளில் கவலை இன்னும் அதிகம்: சராசரி இரத்த அழுத்தம் 70 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே நீடித்தால், சொந்த எடையாலேயே அடித்தசைகளுக்கு இரத்தம் போகாமல், எழுந்து நிற்கவே முடியாத அளவுக்கு அவை கெட்டுவிடும். அதனால்தான் தடித்த மெத்தையும், இரத்த அழுத்தத்தை உயர்த்தும் டோபுட்டமினும் தேவைப்படுகின்றன.

அறுவை பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பயிற்சிக் காலத்தில் ஒரு முறை, நீண்ட அறுவைக்குப் பின் படுத்திருந்த குதிரையை "சீக்கிரம் எழுப்புங்கள்" என்று யாரோ சொல்ல, நானும் சேர்ந்து தட்டி எழுப்பினேன். அது எழுந்து, தள்ளாடி விழுந்து, பின்னங்காலை முறித்துக்கொண்டது. அன்று முதல் நான் எந்தக் குதிரையையும் எழுப்புவதில்லை. வாயு மயக்கத்துக்குப் பிறகு, விழிகள் துடிப்பது நிற்கும் வரை அது படுத்திருக்கட்டும் என்று, சிறிதளவு சைலசினை மறுபடியும் கொடுப்பதே இன்றைய வழக்கம்.

இந்தக் குதிரையின் கண்ணைத் துணியால் மூடி, காதில் பஞ்சு வைத்து, தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரத்தில் அது நெஞ்சின்மேல் நிமிர்ந்தது. சற்று யோசித்தாற்போல் அப்படியே இருந்துவிட்டு, ஒரே முயற்சியில் எழுந்து நின்றது. குதிரைக்காரர் மடியிலிருந்து வெல்லத்தை எடுத்து நீட்டினார். விழுங்கும் திறன் முழுதும் திரும்பியிருக்காது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும், இரண்டு மணி நேரம் பொறுங்கள் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.