சிரட்டையில் ஒரு சாக்பீஸ் கிண்ணம்

ஆசிரியர் தினத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போதே மகள் பட்டியல் போட்டுவிட்டாள்: வகுப்பு டீச்சர், தமிழ் டீச்சர், கணக்கு சார். கடையில் எதுவும் வாங்கக் கூடாது, வீட்டில் கிடப்பதை வைத்துத்தான் செய்ய வேண்டும் என்பது நான் போட்ட நிபந்தனை. அவள் நாலாம் வகுப்பு. சரி என்று உடனே தலையாட்டினாள். கஷ்டம் எனக்குத்தான் என்பது அப்போது தெரியவில்லை.

முதல் ஞாயிறு: பேனா ஸ்டாண்ட்

செய்தித்தாளின் ஒரு பக்கத்தை நாலாகக் கிழித்து, தென்னை ஈர்க்கில் மூலையிலிருந்து சாய்வாகச் சுற்றி, ஓரத்தை ஒட்டி ஈர்க்கை உருவினால் ஒரு குழல். சத்துமாவு டப்பாவைச் சுற்றி நிறுத்த 28 குழல் வேண்டியிருந்தது. மைதாவைக் காய்ச்சி ஒட்டினோம். மூன்றாம் நாள் எறும்பு வரிசை. ஐந்தாம் நாள் அடியில் பச்சைப் பூசணம். பசையைக் கெட்டியாக அப்பி, உள்ளே காய்வதற்குள் அலமாரியில் வைத்தது என் தப்பு. புத்தக பைண்டிங் செய்கிறவர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது இந்தத் தொல்லைக்காகத்தான். ஆனால் அது விஷம். சின்னப் பிள்ளை கை வைக்கிற வேலையில் அதைத் தொடவே மாட்டேன். டப்பாவைக் கழுவி, மகளின் பள்ளிப் பையில் இருந்த வெள்ளைப் பசையால் மறுபடி மெல்லிசாக ஒட்டினோம். இரண்டு நாள் மொட்டைமாடி வெயிலில் காய்ந்ததும் கல் மாதிரி ஆகிவிட்டது. இது கணக்கு சாருக்கு.

இரண்டாம் ஞாயிறு: புத்தக அடையாள அட்டை

எங்கள் வீட்டில் கல்யாணப் பத்திரிகைக்குப் பஞ்சமே இல்லை. நல்ல தடித்த அட்டை. மாமியார் மட்டும், "மஞ்சள் தடவின பத்திரிகையில கத்திரி வைக்காத மக்ளே" என்றார்கள். மஞ்சள் படாததாகப் பொறுக்கி எடுத்தேன். சாமி படத்தையும் தனியே எடுத்து வைத்தோம். வழவழப்பான பக்கத்தில் ஸ்கெட்ச் பேனா காயாமல் இழுவியது. உள்பக்கத்தில் எழுதினால் நிற்கிறது. பஞ்சிங் மெஷினில் ஓட்டை போட்டு, கிழிந்த புடவையின் முந்தானைக் குஞ்சத்தைக் கட்டினோம். ஆறு அட்டை தேறியது. ஒன்றின் பின்பக்கம் "நிகழும் மங்களகரமான" என்று பாதியில் நிற்கிறது. மகள் அதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்கிறாள்.

மூன்றாம் ஞாயிறு: சிரட்டை

போன முறை பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது பார்த்தேன். வகுப்பு டீச்சர் மேசையில் சாக்பீஸ் ஒரு பிய்ந்த அட்டைப் பெட்டியில் கிடந்தது, மேசையெல்லாம் வெள்ளைத் தூள். அப்போதே மனதில் விழுந்த யோசனை இது.

சிரட்டையில், அதாவது கொட்டாங்கச்சியில், கண் இல்லாத பாதியை எடுத்துக்கொண்டேன். கண் உள்ள பாதியில் ஒரு கண் மெல்லிசு, குச்சி பட்டாலே ஓட்டையாகிவிடும். ஒட்டியிருந்த தேங்காயைச் சுரண்டி இரண்டு நாள் காயவைத்தேன். வெளி நாரைக் கத்தியால் வழித்தபின் உப்புத்தாள்: முதலில் சொரசொரப்பான 80 நம்பர், அப்புறம் 120, கடைசியில் நைசான 220. மகள் பத்து நிமிடத்தில் ஓடிவிட்டாள். எனக்கு இரண்டு மணி நேரம். தூள் மூக்கில் ஏறி ஒரே தும்மல். பிறகு முகத்தில் துணி கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். முதலிலேயே அப்படிச் செய்திருக்கலாம். தேங்காய் எண்ணெய் நாலு சொட்டு விட்டுத் தேய்த்ததும் மங்கலாக இருந்த ஓடு கருங்காலி போலக் கறுத்து மின்னியது. அந்த ஒரு நிமிடத்துக்காக இன்னும் நாலு சிரட்டை தேய்க்கலாம்.

உருளாமல் நிற்க அடியில் என் பழைய உலோக வளையல். வெள்ளைப் பசை மறுநாளே விட்டுவிட்டது. அது ஈரம் உறிஞ்சப்பட்டுக் காய்கிற பசை; உலோகம் எதை உறிஞ்சும்? போதாததற்கு எண்ணெய் வேறு. எண்ணெய் பட்ட அடிப்பகுதியை மறுபடி தேய்த்துவிட்டு, வீட்டுக்காரரின் பெட்டியிலிருந்த அரால்டைட் என்ற இரட்டைக் குழாய்ப் பசையை இரண்டு குழாயிலிருந்தும் சம அளவு கலந்து ஒட்டி, ராத்திரி முழுக்க அசைக்காமல் விட்டேன். இனி பெயராது.

கொடுத்து ஒரு வாரம் கழித்து மகளிடம் விசாரித்தேன். சாக்பீஸ் இன்னும் அதே அட்டைப் பெட்டியில்தான் இருக்கிறதாம். சிரட்டையில் டீச்சர் ஸேஃப்டி பின்னும் ஹேர்பின்னும் போட்டு வைத்திருக்கிறார்.