கயிற்றுப் புழையில் இருந்த மண்

அந்த மின்னஞ்சல் இரவு பத்தரை மணிக்கு வந்தது. பதினொன்று பத்துக்கு நான் பதில் அனுப்பிவிட்டேன். இடைப்பட்ட அந்த நாற்பது நிமிடங்களில் எதை நினைத்தேன், எதை நினைக்க மறுத்தேன் என்பதை ஆறு ஆண்டுகள் கழித்தும் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. சொல்லிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

எழுதியவர் முன்பின் தெரியாதவர். குடும்பத்துப் பழைய நாணயங்களோடு ஈய வில்லை ஒன்று கிடந்ததாகவும், அதிலுள்ள கிரேக்க எழுத்துகளை வாசித்துச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன் என்றும் பணிவாக நான்கு வரிகள் எழுதியிருந்தார். முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று என இரண்டு படங்கள். பக்கத்தில் வைத்திருந்த அளவுகோலின்படி விட்டம் 26 மில்லிமீட்டர். முன்பக்கத்தில் கையில் புத்தகம் ஏந்திய புனித நிக்கோலஸின் மார்பளவு உருவம். பின்பக்கத்தில் ஆறு வரி எழுத்து. வில்லையின் மேலிருந்து கீழாக ஓடும் கயிற்றுப் புழையின் கீழ்வாயில் செம்பழுப்பு மண் அடைத்துக்கொண்டு, கடைசி வரியின் ஓரத்தில் சற்றே வழிந்தும் இருந்தது. விளிம்பில் ஒரு நகக்கீறல் அளவுக்குக் கீறல். அந்த இடத்தில் மட்டும் ஈயம் வெள்ளி போல மின்னியது. காற்றுப் பட்ட ஈயம் விரைவிலேயே மங்கிச் சாம்பல் நிறமாகிவிடும். பெட்டியில் பல்லாண்டு கிடந்த வில்லையின் புழையில் அப்படியொரு மண்ணும் விளிம்பில் அப்படியொரு மினுக்கமும் இருக்க வேண்டிய காரணம் இல்லை.

நான் அதைப் பார்த்தேன். எழுத்துகளைப் பார்ப்பதற்கு முன்பே பார்த்தேன். இந்த ஒன்றை மட்டும் நான் ஒருபோதும் மாற்றிச் சொன்னதில்லை.

பைசாந்திய வரலாற்றில், அதாவது கான்ஸ்டான்டினோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமானியப் பேரரசின் வரலாற்றில், வேலை செய்பவர்களுக்கு இத்தகைய வில்லை ஏன் கையை நடுங்க வைக்கிறது என்பதைச் சொல்லாவிட்டால் அந்த நாற்பது நிமிடங்கள் விளங்காது. ஓர் அதிகாரி கடிதத்தை மடித்துக் கட்டி, கயிற்றின் முனைகளை ஈய வில்லையின் நடுப்புழையில் நுழைத்து, இடுக்கி போன்ற இரும்புக் கருவியின் இரு வாய்களுக்கு நடுவே வைத்து ஓங்கி அடிப்பார். இரு பக்கமும் ஒரே அடியில் அச்சு விழும். அதுதான் அவருடைய முத்திரை. அந்தக் கடிதங்கள் அநேகமாக ஒன்றுகூட நமக்கு வந்து சேரவில்லை. ஆதோஸ் மலை, பத்மோஸ் தீவு போன்ற இடங்களின் மடாலய ஆவணங்கள் தப்பின. தலைநகர் 1204இல் சிலுவைப்போர்ப் படையிடமும் 1453இல் ஒட்டோமானியரிடமும் வீழ்ந்த பேரரசின் அரசு ஆவணங்கள் தப்பவில்லை. ஈயம் மட்டும் மண்ணுக்குள் கிடந்து பிழைத்தது. வாஷிங்டனில் உள்ள டம்பார்ட்டன் ஓக்ஸ் ஆய்வு நிறுவனத்தில் மட்டும் ஏறத்தாழ 17,000 முத்திரைகள் இருக்கின்றன. எந்த மாகாணத்தை யார் ஆண்டார், அவர் எந்தப் பட்டத்திலிருந்து எந்தப் பட்டத்துக்கு உயர்ந்தார் என்பதில் பெரும்பகுதியை அந்த ஈயத்திலிருந்துதான் கூட்டிச் சேர்க்கிறோம்.

அன்றிரவு நான் வாசித்தது இது: “ஆண்டவரே, உம் அடியானுக்கு உதவும்” என்ற வழக்கமான வேண்டுதல், அதன்பின் ஒரு பெயர், புரோட்டோஸ்பதாரியோஸ் என்ற பட்டம், ஹிப்போட்ரோம் நீதிபதி என்ற பதவி, இறுதியாக திராக்கேசியோன் மாகாணத்தின் நீதிபதி என்ற பதவி. (கிரேக்கத்தில் அடிமைக்குரிய சொல்லை ‘அடியான்’ என்று தமிழில் எழுதும்போது எனக்கு எந்தத் தயக்கமும் வருவதில்லை, மற்ற மொழிகளுக்கு மாற்றுகிறவர்கள் அங்கே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். மாகாணத்துக்கு உரிய சொல்தான் சங்கடம்: அதைத் தமிழில் உள்ளபடி எழுதினால் ‘தேமா’ என்று வரும், யாப்பு படித்தவர்கள் புளிமாவைத் தேடுவார்கள்.) பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இந்த வாசிப்பை வெளியிட்ட என் கட்டுரையும், அதைத் தொடர்ந்து, பின்னால் சொல்லப்போகும் ஓர் ஏலப் பட்டியலும் தேடுபவர் கைக்குக் கிடைத்துவிடும்.

11ஆம் நூற்றாண்டில் மாகாணங்களின் குடிமை நிருவாகம் பெருமளவு இந்த நீதிபதிகளின் கைக்குப் போய்விட்டிருந்தது. மேற்கு அனத்தோலியாவில், அதாவது இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதியில், இருந்த திராக்கேசியோனின் நீதிபதிகளை வரிசைப்படுத்தும் கட்டுரை ஒன்றை அப்போது நான் எழுதிக்கொண்டிருந்தேன். வரிசையில் ஓர் இடைவெளி இருந்தது. எழுத்தமைதியைக் கொண்டு பார்த்தால் அந்த வில்லை சரியாக அந்த இடைவெளியில் போய் உட்கார்ந்தது. என் பணி ஒப்பந்தத்தில் பதினான்கு மாதங்கள் மீதமிருந்தன. இவ்விரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து வைக்கும்போது ஒன்று மற்றொன்றின் காரணம் போலத் தோன்றுவது எனக்குத் தெரிகிறது. ஒப்பந்தம் என்ற ஒன்றே இல்லாமல் நிரந்தரப் பேராசிரியராக இருந்திருந்தாலும் நான் வாசித்திருப்பேன் என்று சில நாள்களில் நம்புகிறேன். வாசிப்பதற்காகத்தானே இருபது வயது தாண்டிக் கிரேக்கம் கற்றேன், பக்கவாட்டு வெளிச்சத்தில் வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன். எழுத்தைக் கண்டால் வாய் தானாக வாசித்துவிடுகிறது. இன்னும் சில நாள்களில் இதெல்லாம் சாக்கு என்று தோன்றுகிறது.

என்னை அதிகம் உறுத்துவது என் பதிலில் இருந்த வரிசைதான். முதலில் நன்றி, அடுத்து ஆறு வரிகளின் முழு வாசிப்பு, அடுத்து காலக்கணிப்பு, அடுத்து இதற்கு இணையான வேறொரு முத்திரை அறியப்படவில்லை என்ற குறிப்பு, எல்லாவற்றுக்கும் கடைசியில்: “இது எங்கே கிடைத்தது என்று தெரியுமா?” விலை கொடுத்து முடித்த பிறகு சரக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பது போல. அந்தக் கேள்வியை முதலில் கேட்டு, விடை வரும்வரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் பதில் எழுதாமல் இருந்திருப்பார். எனக்கு அந்த வாசிப்பு கிடைத்திருக்காது. ஆனால் படங்கள் என்னிடம்தானே இருந்தன? எழுத்தை நான் ஏற்கெனவே வாசித்தாயிற்றே? அப்படியானால் நான் பயந்தது வாசிப்பு போய்விடும் என்றல்ல, அதை வெளியிட அவருடைய இசைவு கிடைக்காமல் போய்விடும் என்று. இதை எழுதும்போதுதான் இது எனக்குத் தெளிவாகிறது. இது உண்மைதானா, அல்லது எழுத்தின் ஓட்டத்தில் வந்து விழுந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை விடை வந்தது: பழைய சேகரிப்பு, அதற்கு மேல் தெரியாது, தாராளமாக வெளியிட்டுக்கொள்ளலாம். ‘தனியார் சேகரிப்பு’ என்று அடிக்குறிப்பில் எழுதினேன். பண்பாட்டுப் பொருள்களின் கள்ளக் கடத்தலுக்கு எதிரான 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கையை எல்லையாக வைத்து, அதற்குப் பின் வெளிப்பட்ட, வரலாறு தெரியாத பொருள்களை முதன்முதலாக அச்சிட மறுக்கும் ஆய்விதழ்கள் உண்டு. நான் அனுப்பிய இதழ் எதுவும் கேட்கவில்லை. கேட்காது என்று தெரிந்துதான் அங்கே அனுப்பினேனா என்று என்னை நானே கேட்டுக்கொண்டதுண்டு. இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

கட்டுரை வெளிவந்து எட்டு மாதம் கழித்து வில்லை ஒரு ஏலப் பட்டியலில் வந்தது. மண் போயிருந்தது, தேய்த்துத் துடைத்திருந்தார்கள். என் வாசிப்பு சொல்லுக்குச் சொல் இருந்தது, கட்டுரையின் பக்க எண்ணோடு. “இணையற்றது” என்ற சொல்லும் இருந்தது. தொடக்க விலை என் ஒரு மாத வாடகையைவிடக் கூடுதல். வாசிக்கப்படாத, தேய்ந்த ஈய முத்திரைகள் அதே பட்டியலின் கடைசிப் பக்கத்தில் கூறு கட்டி, எண்ணிக்கைக் கணக்கில் விற்பனைக்கு இருந்தன.

அந்தப் பக்கத்தைத் திறந்து ஓர் அருங்காட்சியகக் காப்பாளரிடம் காட்டினேன். முப்பது ஆண்டுகளாக அகழாய்வுப் பொருள்களோடு இருப்பவர். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்; அவர் காபியைக் கலக்கிக்கொண்டே, “நீங்கள் வாசித்திருக்காவிட்டால் இது இருபது கிராம் ஈயம்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் உடனே பேசத் தொடங்கினேன். நான் வாசிக்காவிட்டால் வேறொருவர் வாசித்திருப்பார் என்றேன். வாசிக்காமல் விட்டிருந்தால் அந்த நீதிபதி இன்னொரு ஆயிரம் ஆண்டுகள் பெயரில்லாமல் கிடந்திருப்பார் என்றேன். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். ஒப்புக்கொண்டு அசைத்தாரா, பேசி முடிக்கட்டும் என்று அசைத்தாரா என்று இப்போதும் தெரியவில்லை.

அவரிடம் சொல்லாமல் விட்ட வாதம் ஒன்று உண்டு. தனியாக இருக்கும்போது அதைச் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் துறையே இப்படித்தான் பிறந்தது. பைசாந்திய முத்திரைகளைப் பற்றிய குஸ்தாவ் ஷ்லும்பெர்ஷேயின் பெருந்தொகுப்பு பாரிஸில் 1884இல் வெளிவந்தது. ஒட்டோமான் அரசு தொல்பொருள்களை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதைத் தடை செய்த சட்டமும் அதே 1884இல்தான். 1972இல் சுவிட்சர்லாந்தின் பாசலில் வெளிவந்து இன்றுவரை நாங்கள் நாள்தோறும் புரட்டும் ஈய முத்திரைத் தொகுதியை அலெக்ஸாண்டர் வெக்லெரியோடு சேர்ந்து உருவாக்கிய ஜார்ஜ் ஸாக்கோஸ், தொழிலால் பழம்பொருள் வணிகர். கடைத்தெருவின் வழியாக வந்தவற்றையெல்லாம் தள்ளிவிட்டால் எங்கள் அலமாரியில் மிஞ்சுவது கொஞ்சம்தான். இந்த வாதத்தில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. ஆனாலும் இதைச் சொல்லி முடித்ததும், எல்லோரும் ஓட்டுகிறார்களே என்று சிவப்பு விளக்கைத் தாண்டியவனின் நிம்மதிதான் வருகிறது.

ஏனென்றால் மறுபக்கம் பிரெஸ்லாவ் இருக்கிறது. பல்கேரியரின் அந்தத் தலைநகரை 971இல் பேரரசர் யோவான் சிமிஸ்கெஸ் கைப்பற்றித் தம் பெயரால் யோவானோபொலிஸ் என்று மாற்றினார். அங்கே அகழ்ந்தபோது நூற்றுக்கணக்கான முத்திரைகள் வெளிப்பட்டன; புதிய பெயரைத் தாங்கிய படைத்தலைவர்களின் முத்திரைகளும் அவற்றுள் உண்டு. வெற்றியைப் பாடிவிட்டு அடுத்த போருக்குப் போய்விடும் வரலாற்று நூல்களில் இல்லாத ஓர் ஆட்சியமைப்பு, கிடைத்த இடத்தின் பலத்தாலேயே எழுந்து நிற்கிறது. முத்திரை என்பது கடிதம் போய்ச் சேர்ந்த இடத்தின் சாட்சி. அனுப்பியவர் யார் என்பதை ஈயம் சொல்லும். யாருக்கு, எந்த ஊருக்கு என்பதை மண்தான் சொல்லும். மெட்டல் டிடெக்டரோடு இரவில் வயலில் நடப்பவன் அந்தப் பாதியை அங்கேயே உதறிவிட்டு வருகிறான். என் நீதிபதி யாருக்கு எழுதினார் என்பது அந்தச் செம்பழுப்பு மண்ணோடு யாரோ ஒருவரின் கழுவுதொட்டியில் போய்விட்டது.

சென்ற ஆண்டு என்னிடம் ஆய்வு செய்யும் மாணவி ஒருவருக்கு இதே போன்ற மின்னஞ்சல் வந்தது. வேறு ஆள், வேறு வில்லை, அதே பணிவு. என்ன செய்வது என்று கேட்டார். பதில் எழுதாதீர்கள் என்று ஒரு நொடியும் தயங்காமல் சொன்னேன். அவர் வெளியே போகும்போது கதவருகே நின்று, “அப்படியானால் உங்கள் திராக்கேசியோன் கட்டுரையை நான் மேற்கோள் காட்டலாமா?” என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, ஆய்வேட்டின் இரண்டாம் இயலுக்கு அவருக்கு உண்மையிலேயே அந்த விடை தேவைப்பட்டது. காட்டலாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வெளிவந்துவிட்ட செய்தியை வெளிவராதது போல நடத்த முடியாது என்று சொல்லியிருப்பேன். அது சரியான விடைதான். அந்த விடைக்காகத்தான் திருட்டுப் பொருளை விற்பவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்த மாணவி தமக்கு வந்த படங்களை அழித்துவிட்டார் என்று பின்னால் அறிந்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது.

அவர் கேட்ட அந்தக் கேள்விக்குப் பிறகுதான் பழைய படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசி வரியில் தீட்டா, ரோ, ஆல்ஃபா, கப்பா, ஈட்டா, சிக்மா தெளிவாக இருக்கின்றன. அவ்வளவுதான் என்றால் அது ‘திராக்கேஸ்’, அதாவது ஐரோப்பியக் கரையிலுள்ள திரேஸ். அதற்கு அப்பால் ஒரு செங்குத்துக் கோடு இருந்தால் மட்டுமே அது அயோட்டா. அப்போதுதான் அது ‘திராக்கேசியோன்’ என்பதன் சுருக்கம். நான் அன்று கோட்டைக் கண்டேன். இன்று பார்க்கும்போது அந்தக் கோடு, புழையிலிருந்து வழிந்த மண்ணின் விளிம்பில் விழுந்த நிழலாகவும் இருக்கலாம் என்று படுகிறது. ஏலப் பட்டியலின் படத்தில் மண் இல்லை. ஆனால் அந்த இடத்தைத் தேய்த்த தேய்ப்பில் ஈயமே வழவழவென்று ஆகிவிட்டிருக்கிறது. வில்லை எந்தக் கரையில் கிடைத்தது என்று தெரிந்திருந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கலாம். வாங்கியவர் யார் என்பதை ஏல நிறுவனம் சொல்லாது.

திருத்தக் குறிப்பு ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன், ஒரே பக்கம். அதிலும் அந்த முத்திரையின் படத்தைப் போட வேண்டியிருக்கிறது. போட்டால், தேய்ப்பதற்கு முன் எடுத்த ஒரே படம் என்ற மதிப்போடு அது இன்னொரு பட்டியலுக்குப் போகும். படமில்லாமல் எழுதினால் எந்த ஆய்விதழும் ஏற்காது. கோப்பின் பெயரில் மூன்று முறை தேதியை மாற்றியிருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை.