பிலடெல்பியாவில் ஒரு மதுரை மண்டபம்

நியூயார்க்கில் இருந்து பிலடெல்பியா ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். அதனாலேயே பலரும் காலையில் கிளம்பி, விரிசல் விட்ட லிபர்ட்டி பெல் மணியைப் பார்த்து, இறைச்சியும் சீஸும் வைத்த ரொட்டியான சீஸ்ஸ்டேக் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு மாலையே திரும்பிவிடுகிறார்கள். நானும் அம்மாவும் தங்கித்தான் பார்த்தோம். தங்கிப் பார்க்க வேண்டிய ஊர் அது.

முதலில் போனது இன்டிபென்டன்ஸ் ஹால். 1776 சுதந்திரப் பிரகடனம், 1787 அரசியலமைப்புச் சட்டம் இரண்டும் கையெழுத்தானது இந்தச் செங்கல் கட்டடத்தில்தான். இவ்வளவு பெரிய விஷயம் நடந்த அறை இவ்வளவுதானா என்று தோன்றும். பச்சைத் துணி விரித்த சின்னச் சின்ன மேசைகள். முன்னால் வாஷிங்டன் உட்கார்ந்த அதே நாற்காலி. அதன் முதுகில் பாதிச் சூரியனைச் செதுக்கியிருக்கிறார்கள். இது உதிக்கிற சூரியனா, மறைகிற சூரியனா என்று மாதக்கணக்காக யோசித்துக்கொண்டிருந்த அந்த அவையின் முதியவர் பெஞ்சமின் பிராங்க்ளின், சட்டம் கையெழுத்தான அன்றுதான் உதிக்கிற சூரியன் என்று முடிவுக்கு வந்தாராம். உள்ளே போக நேரம் குறித்த சீட்டு வேண்டும். இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

எதிரே லிபர்ட்டி பெல். 1752-இல் லண்டனில் இருந்து வந்த மணி, இங்கே அடித்துப் பார்த்தபோதே விரிசல் விட்டது. உள்ளூர்க்காரர்கள் இருவர் உருக்கி மறுபடி வார்த்தார்கள். இப்போது தெரிகிற விரிசல் பிறகு வந்தது. அதற்கு ‘விடுதலை மணி’ என்று பேர் வைத்துப் பரப்பியவர்கள், 1830-களில் அடிமை முறையை எதிர்த்துப் போராடியவர்கள். அப்புறம், தயவுசெய்து மணியோடு திரும்பிவிடாதீர்கள். அதன் வாசலை ஒட்டியே கூரையில்லாத ஒரு இடம் இருக்கிறது. வாஷிங்டன் அதிபராக இருந்தபோது குடியிருந்த வீட்டின் அஸ்திவாரம் அது. அவர் அங்கே வைத்திருந்த ஒன்பது அடிமைகளின் பெயர்கள் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வெளி மாநிலத்துக்காரரின் அடிமைகள் இந்த ஊர் இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் ஆறு மாதம் தொடர்ந்து இருந்தால் விடுதலை கேட்கலாம் என்று சட்டம் இருந்தது. அந்தக் கெடு முடிவதற்குள் அவர்களை மாநிலத்துக்கு வெளியே அனுப்பித் திரும்ப அழைத்துக்கொண்டார் வாஷிங்டன். அவர்களில் ஓனி ஜட்ஜ் என்ற இளம்பெண், 1796-இல் வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து வெளியேறி, கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயருக்குத் தப்பினார். வாஷிங்டன் ஆள்விட்டுத் தேடியும் திரும்பவில்லை. 1848-இல் இறக்கும்வரை சட்டப்படி அவர் அடிமைதான். மணியைப் பார்க்க நீண்ட வரிசை நின்றது. இங்கே நாலைந்து பேர்தான் இருந்தோம். என்னைக் கேட்டால், அந்த மணியின் பெயருக்கு அர்த்தம் புரிவது இங்கே நிற்கும்போதுதான்.

ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறைச்சாலை 1829-இல் திறந்து 1971-இல் மூடப்பட்டது. தனிமையில் விட்டால் மனிதன் மனம் திருந்துவான் என்று நம்பிக் கட்டியது. ஒவ்வொரு அறைக்கும் கூரையில் சின்னதாக ஒரு திறப்பு, அவ்வளவுதான் வெளிச்சம். கைதியை வெளியே கொண்டுபோகும்போது முகத்தை மூடிவிடுவார்களாம். பேர்போன குற்றக் கும்பல் தலைவன் அல் கபோன் இருந்த அறை முன்னால் கூட்டம் மொய்க்கிறது. சாயம் உதிர்ந்து வெறுமையாகக் கிடக்கும் மற்ற அறைகள்தான் எனக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பிலடெல்பியா கலை அருங்காட்சியகம். முன்னால் 72 படிகள், ‘ராக்கி’ படத்தில் வருவதுபோல அதில் ஓடி ஏறி கையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் நேராக மூன்றாவது தளத்துக்குப் போனோம். ஒரு திருப்பத்தில் கருங்கல் தூண்கள். அனுமன், கருடன், மேலே யாளிகள். அம்மா நின்றுவிட்டார். “செருப்பைக் கழட்டட்டுமாடா?” என்று கேட்டார்.

மதுரை மதனகோபால சுவாமி கோயில் மண்டபம், ஏறத்தாழ 1560-ஐச் சேர்ந்தது. கோயில் வளாகத்தில் குவிந்து கிடந்த தூண்களையும் சிற்பங்களையும் 1912-இல் மதுரைக்கு வந்த அடலின் பெப்பர் கிப்சன் என்ற பிலடெல்பியாப் பெண் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார். முதல் உலகப் போர்க்காலத்தில் பிரான்சுக்கு நர்ஸாகச் சென்ற அவர் 1919-இல் அங்கேயே இறந்துபோக, குடும்பத்தார் அவர் நினைவாக இவற்றை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். நார்மன் பிரவுன் என்ற சமஸ்கிருதப் பேராசிரியர் இந்த மண்டபத்தைப் பற்றி மட்டுமே 1940-இல் ஒரு நூல் எழுதியிருக்கிறார்.

எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, விபூதி வாசனை இல்லை, குளிரூட்டிய அறை. ஆனாலும் உளி பட்ட இடமெல்லாம் துல்லியமாகத் தெரிகிறது. நம் ஊர்க் கோயிலில் இருட்டும் கூட்டமுமாக இருப்பதால் நான் ஒரு தூணை இவ்வளவு நேரம் நின்று பார்த்ததே இல்லை. அம்மா ஒவ்வொரு உருவமாக அடையாளம் சொல்லிக்கொண்டே சுற்றி வந்தார். பக்கத்தில் நின்ற அமெரிக்கத் தம்பதி அதைக் கேட்டு எங்களோடு சேர்ந்துகொண்டார்கள், நான் மொழிபெயர்த்தேன். “இதெல்லாம் மதுரையிலேயே இருந்திருக்கலாம்” என்று அம்மா சொன்னதையும் சேர்த்துத்தான் சொன்னேன். எனக்கும் அதே எண்ணம்தான். காசு கொடுத்து வாங்கியது என்பதால் அந்த ஏக்கம் குறைந்துவிடுவதில்லை.

செவ்வாயும் புதனும் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. வெள்ளிக்கிழமை இரவு வரை திறந்திருக்கும். அன்று மாலையில் விரும்பிய தொகை கொடுத்து உள்ளே போகலாம்.