ஒரே பெட்டிக்குள் இரண்டு நாயனம்

திருநெல்வேலிச் சீமையில் ஸ்பீக்கர் பழுது பார்ப்பவனுக்குச் சித்திரையிலும் ஆடியிலும் கொடைவிழாப் பெட்டிகளே சோறு போடுகின்றன. அந்தப் பெட்டிகளில் கீழே தாழ்ந்த ஒலிக்கு வூஃபர், மேலே உயர்ந்த ஒலிக்கு ஹார்ன், இடையில் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் என்று வேலைப் பிரிவினை தெளிவாக இருக்கும். அதில் ஊறிய கையோடுதான் நான் கிட்டார் ஆம்ப்ளிஃபையரில் மாட்டும் ஸ்பீக்கர் பெட்டிக்கு வந்தேன். தவறுகளும் அங்கிருந்தே தொடங்கின. கிட்டார் பெட்டியில் கிராஸ்ஓவர் கிடையாது. 12 அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டும் முழு ஒலியையும் வாங்கி வாசிக்கின்றன. இரண்டு நாயனக்காரர்கள் ஒரே உருப்படியைச் சேர்ந்து வாசிப்பதைப் போன்றது அது. ஒருவர் ஓங்கி ஊதினால் மற்றவர் இருப்பதே தெரியாது.

பாளையங்கோட்டையில் ஆலயப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கும் தம்பி ஒருவர், செலஸ்டியன் நிறுவனத்தின் கிரீன்பேக் ஸ்பீக்கர் இரண்டு பொருத்திய பெட்டியைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் தாங்கும் சக்தி 25 வாட், மின்தடை 16 ஓம். திறந்தவெளி நிகழ்ச்சி ஒன்றில் இரவல் வாங்கிய 100 வாட் ஆம்ப்ளிஃபையரை இதில் மாட்டி முழு ஒலியில் வாசித்ததில், ஒன்றின் வாய்ஸ் காயில், அதாவது கோன் என்னும் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள், கருகியிருந்தது. அவருடைய சொந்த ஆம்ப்ளிஃபையர் 30 வாட் வால்வு வகை. அதே ஸ்பீக்கர் உடனே கிடைக்காததால், அதே நிறுவனத்தின் வின்டேஜ் 30 என்ற 60 வாட் ஸ்பீக்கரைப் போடலாம் என்று முடிவு செய்தோம்.

கடையில் 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்று சும்மா கிடந்தது. அதைப் போட்டுவிட்டால் என்ன என்று ஒரு கணம் கை துறுதுறுத்தது உண்மை. 16 ஓமுக்கு இணையாக 8 ஓமை இணைத்தால் மொத்தம் ஏறத்தாழ 5.3 ஓம் ஆகும் என்பதோடு, சக்தியில் மூன்றில் இரண்டு பங்கை 8 ஓம் ஸ்பீக்கரே இழுத்துக்கொள்ளும். ஆகவே 16 ஓம் உள்ளதையே வரவழைத்து, இணையாக இணைத்து, ஆம்ப்ளிஃபையரின் 8 ஓம் முனையில் கொடுத்தேன். ஓம் ஒன்றாக இருந்தால் சக்தி சரிபாதியாகப் பிரியும் என்பதால், இந்தப் பெட்டி தாங்கும் அளவு 25-ஐயும் 60-ஐயும் கூட்டி வரும் 85 வாட் அன்று. சிறியதன் இரு மடங்கான 50 வாட்தான். இதை அந்தத் தம்பியிடம் இரண்டு முறை சொன்னேன். இரவல் ஆம்ப்ளிஃபையர் ஆசை எளிதில் விடாது.

அன்று மாலை வாசித்துப் பார்த்தவர், "அண்ணாச்சி, பேஸ் எங்க போச்சு?" என்று கேட்டார். ஒலி மெலிந்து, நடுவில் குழி விழுந்தது போல் இருந்தது. இவ்விரு ஸ்பீக்கர்களும் ஒன்றுக்கொன்று ஒத்துவராத சாதி என்று நானே தீர்ப்பு எழுதி, இரண்டு நாள் அதை நம்பியும் இருந்தேன். மூன்றாம் நாள்தான் 9 வோல்ட் பேட்டரியை ஒயர் முனைகளில் ஒரு நொடி தொட்டுப் பார்த்தேன். ஒரு கோன் முன்னே வந்தது. மற்றது பின்னே போனது. பெட்டிக்குள் பழைய ஒயர்கள் நிறம் மங்கியிருந்ததால் பாசிட்டிவையும் நெகட்டிவையும் மாற்றிப் பற்றவைத்திருக்கிறேன். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தால் கீழ்ஸ்தாயி ஒன்றையொன்று தின்றுவிடும். மாற்றி வைத்ததும் பேஸ் திரும்பியது. பேட்டரி வைத்துப் பார்க்காமல் இப்போது எந்தப் பெட்டியையும் நான் மூடுவதில்லை.

அதற்குப் பிறகுதான் உண்மையான கலவை காதில் விழுந்தது. ஒரே அளவு சக்திக்கு ஒரு ஸ்பீக்கர் எவ்வளவு ஓங்கி ஒலிக்கும் என்பதே உணர்திறன். கிரீன்பேக்கின் உணர்திறன் 98 டெசிபல், வின்டேஜ் 30-இன் உணர்திறன் 100 டெசிபல் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. 2 டெசிபல் சின்ன எண்ணாகத் தோன்றினாலும், ஆம்ப்ளிஃபையரின் சக்தியை ஏறத்தாழ 1.6 மடங்காக்கியதற்குச் சமம் அது. வின்டேஜ் 30-க்கு மேல்நடு ஒலிகளில் ஒரு மேடும் உண்டு. தனி வாசிப்பு வெட்டித் தெரிவது அதனால்தான். பின்னணியில் நாண்களை மென்மையாக நிரப்புவது கிரீன்பேக்கின் குணம். 4 டெசிபல், 5 டெசிபல் வித்தியாசமுள்ள ஜோடிகளைச் சிலர் பெருமையாகக் கலப்பதை நான் ஏற்பதில்லை. அங்கே ஒன்று வாசிக்கிறது, மற்றது பாரம் சுமக்கிறது. நான்கு ஸ்பீக்கர் பெட்டியாக இருந்தால் ஒரே வகையை மூலைக்கு மூலை குறுக்காக வைப்பேன். மேல் வரிசையில் இரண்டு குரலும் காதுக்கு எட்டும்.

தம்பிக்குப் பெட்டி பிடித்துப்போனது. ஞாயிறு ஆராதனைக்கு நானும் போய், கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டேன். கேட்டது கிரீன்பேக் மட்டுமே. ஆலய ஸ்பீக்கர்களுக்கு ஒலி கொடுக்கும் பையன் தன் ஒற்றை மைக்கை அந்த ஸ்பீக்கரின் முகத்தில் ஒட்டினாற்போல் வைத்திருந்தான். நாங்கள் மூன்று நாள் பாடுபட்ட கலவையை அந்த ஆலயத்தில் கேட்டவர், பெட்டிக்கு முன்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்த ஒருவர்தான்.