நாடி, மில்லிகிராம், மணி

மார்ச் 3, இரவு
நாளை ஸ்லீவ், எடை குறைய இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ஆபரேஷன். ஆள் 128 கிலோ. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஆள். என் பயம் வலியை நினைத்து அல்ல, வலிக்குப் போடும் மார்ஃபினை நினைத்து. சீட்டில் நரம்பு வலி மருந்து பிரிகாபலினும் இருந்தது, கோடு போட்டு நீக்கியாயிற்று. தனியாகவே மந்தம் தரும். மார்ஃபினோடு சேர்ந்தால் மூச்சை இன்னும் அமுக்கும்.

மார்ச் 4
ஆள் மயங்கிய பிறகே டெக்ஸாமெத்தசோன் 8 மி.கி. விழித்திருக்கையில் வேகமாகப் போட்டால் இடுப்புக்குக் கீழே நெருப்பாய் எரியும். குமட்டலுக்கும் அதுவே, வலிக்கும் அதுவே. சர்க்கரை ஏறும், நாளை வரை பார்க்க வேண்டும்.

டாப் பிளாக், வயிற்றுச் சுவர் நரம்புகளை மரக்கவைக்கும் ஊசி: மரப்பு மருந்து 0.25 சதவீத புபிவக்கெய்ன், பக்கத்துக்கு 20 மி.லி. அல்ட்ராசவுண்ட் திரையில் ஊசிமுனை இரண்டு தசைக்கும் நடுவே நின்றது. மருந்து இறங்க இறங்க அடுக்கு கறுப்பாய் விலகித் திறந்தது. இரண்டு பக்கமும் சேர்த்து 100 மி.கி. எல்லையை 128 கிலோவுக்குக் கணக்குப் போடக் கூடாது. உயரத்துக்கு உரிய எடை 65. கிலோவுக்கு 2 மி.கி. வீதம் 130தான் எல்லை. வயிற்றில் கருவி நுழைத்த துளைகளில் போட சர்ஜன் இன்னொரு 20 மி.லி. எடுத்து வைத்திருந்தார், அதில் 50 மி.கி. இருக்கிறது. 10 மி.லி.யாகக் குறைத்தாயிற்று. லிக்னோகெய்ன் டிரிப்பும் கிடையாது. அதுவும் இதே வகை மரப்பு மருந்து, மிஞ்சினால் வலிப்பு வரும், இதயத் துடிப்பு தடுமாறும்.

இரவு
பாராசிட்டமால் 1 கிராம், 6 மணி நேரத்துக்கு ஒரு தரம், வலித்தாலும் வலிக்காவிட்டாலும். கேட்டால் கொடுப்போம் என்று விட்டால் இடையில் வலி ஏறிவிடும். ஏறிய வலி மார்ஃபினுக்குத்தான் அடங்கும்.

மார்ச் 5
தோள்பட்டை வலி. வயிற்றை ஊத விட்ட வாயு உதரவிதானத்தை உறுத்துகிறது. மார்ஃபின் இதற்குப் பெரிதாகக் கேட்காது. நடக்கச் சொன்னதும் நடந்தார், நல்ல ஆள்.

மாலை
சிறுநீரகம் காட்டும் கிரியாட்டினின் சரி, சிறுநீரும் போதும். வலி மருந்து கீட்டோரோலாக் 15 மி.கி., இரண்டு வேளை மட்டும். ஸ்லீவுக்குப் பதில் இரைப்பை பைபாஸாக இருந்தால் அதுவும் யோசனைதான், குடலும் பையும் சேரும் இடத்தில் புண் வரும். வீட்டுக்கு இந்த வகை மாத்திரை ஒன்றும் போகக் கூடாது.

நாடி 104.

மார்ச் 6, விடியற்காலை
118. வலி இல்லை என்கிறார். அதுதான் கலக்கம். இத்தனை மருந்து உள்ளே இருக்கும்போது தையல் கசிந்தாலும் வயிறு காட்டிக்கொடுக்காது. காய்ச்சல் இல்லை, மூச்சு 18. 120ஐத் தாண்டி நின்றால் வலி மருந்தைக் கூட்டிப் பார்ப்பது என்ற பேச்சே வேண்டாம். நேரே சிடி ஸ்கேன்.

காலை
ஒரு லிட்டர் சலைன் போனதும் 98. தண்ணீர்தான் குறைவு போலும்.

இரவு
94. மறுபடி எண்ணியும் 94.

மார்ச் 7
வீட்டுக்குச் சீட்டு. பாராசிட்டமால் சிரப், 5 மி.லி.க்கு 250 மி.கி. என்றால் 1 கிராமுக்கு 20 மி.லி. கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்ச வேண்டும். வீட்டில் டிரமடால் கூட்டு வலி மாத்திரை மிச்சம் இருக்கிறதாம். அதற்குள்ளும் பாராசிட்டமால் 325 மி.கி.! சிரப்போடு சேர்ந்தால் நாளுக்கு 4 கிராம் எல்லை தெரியாமலே தாண்டும். அதோடு மனச்சோர்வு மருந்து எஸ்சிட்டலோபிராம் சாப்பிடுகிறவர். டிரமடால் சேர்ந்தால் செரட்டோனின் எகிறும். அதைத் தொடவே வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லியாயிற்று.

பகலில் கண்ணயர்ந்தாலும் மூச்சு நிற்காமல் காற்றை அழுத்தி விடும் சிபேப் மாஸ்க் போட வேண்டும். இதைச் சீட்டிலேயே பெரிதாக எழுதணும்.