கொதிக்க வைக்காத பதநீர்

பதநீரைக் கொதிக்க வைத்தால் அது பதநீராக இருப்பதில்லை. கருப்பட்டிக்குப் பாதி வழி போய்விடுகிறது. பாளையங்கோட்டைக்குத் தெற்கே ஒரு சிறிய பானத் தொழிற்கூடத்தில் நுண்ணுயிரியல் ஆய்வாளராக நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதைக் கண்ணால் பார்த்தேன். திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டிலிருந்து விடிந்தும் விடியாமலும் வந்து இறங்கும் பதநீரில் சர்க்கரை நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு இருக்கும். கலயத்தில் தடவிய சுண்ணாம்பின் காரமும் இருக்கும். இரண்டும் சேர்ந்த நீரைச் சூடேற்றினால் நிறம் சிவந்து, பாகு வாசனை எழுந்துவிடும். மரத்தடியில் ஓலைப் பட்டையில் வாங்கிக் குடித்துப் பழகியவர்கள் அந்தப் பாட்டிலை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார்கள். ஆகவே சூடு காட்டாமல் பதநீரிலுள்ள பாக்டீரியாக்களை அடக்கும் வழியைக் கண்டுபிடிப்பதே எனக்குத் தரப்பட்ட வேலை. ஏழு பருவங்கள் அதிலேயே கழிந்திருக்கின்றன.

கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதை ஊர் வழக்கம் என்ற அளவில் மட்டுமே அதுவரை அறிந்திருந்தேன். பாளை சீவிய இடத்திலிருந்து நீர் சொட்டத் தொடங்கிய நொடியிலிருந்தே காற்றிலும் பூச்சிகளின் காலிலும் வரும் ஈஸ்டுகளும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் அதில் குடியேறுகின்றன. சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் அவை சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் பி.எச். கணக்கில் 7 நடுநிலை, அதற்கு மேல் காரம். தெளிந்த சுண்ணாம்பு நீரின் பி.எச். அளவு 12.4 வரை இருக்கும். அமிலம் கலந்த சூழலை விரும்பும் அந்த உயிர்கள் இந்தக் காரத்தில் முடங்கிப்போகின்றன. சூடும் இயந்திரமும் இல்லாமல், கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பைக் கொண்டு பனையேறிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் நுண்ணுயிர்க் கட்டுப்பாடு இது. ஆனால் முடங்கியவை சாவதில்லை. பாட்டிலில் அடைப்பதற்காகச் சுண்ணாம்பைத் தெளியவைத்து இறுத்து, பதநீரை நடுநிலைக்குக் கொண்டுவந்ததும் அவற்றில் பல மறுபடி எழுந்துகொள்கின்றன. முடங்குவதும் சாவதும் ஒன்றல்ல என்பதை அன்றே மனத்தில் ஆழப் பதித்துக்கொண்டிருந்தால், பின்னால் நான் செய்த பிழை நேர்ந்திராது.

முதலில் நாங்கள் எடுத்துக்கொண்டது புற ஊதா ஒளி. 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள இந்த ஒளி பாக்டீரியாவின் மரபணுவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் தைமின் கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். பிணைந்த இடத்தில் மரபணுவைப் படியெடுக்க முடியாமல் செல் பெருகுவது நின்றுவிடும். 1996-இல் அமெரிக்காவில் சூடுபடுத்தாத ஆப்பிள் சாற்றிலிருந்த, ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் ஓ157 என்ற வகையால் பலர் நோயுற்று, ஒரு குழந்தை இறந்தது. அதன் பிறகு 2001-இல் அந்நாடு பழச்சாறுகளுக்குக் கொண்டுவந்த விதி, நோய்க்கிருமி ஒரு லட்சம் இருந்தால் பதப்படுத்திய பின் ஒன்றுக்கு மேல் எஞ்சக்கூடாது என்கிறது. எங்கள் இலக்காகவும் அதையே வைத்துக்கொண்டோம். தெளிந்த நீரில், நோய் தராத ஓர் ஈ.கோலை வகையைக் கலந்து சோதித்தபோது அந்த இலக்கை எளிதாகத் தாண்டினோம். பதநீரில் தாண்ட முடியவில்லை. கலங்கிய நீருக்குள் இந்த ஒளி ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் போவதே பெரிது. சுண்ணாம்புத் துகளின் நிழலில் ஒதுங்கிய பாக்டீரியாவின் மேல் அது விழுவதேயில்லை. துகளை வடிகட்டி, பதநீரை மெல்லிய படலமாக விளக்கைச் சுற்றி ஓடச்செய்த பிறகே எண்ணிக்கை இறங்கியது.

இன்னொரு தன்மையும் உண்டு. புற ஊதா ஒளியால் காயப்பட்ட பாக்டீரியாக்கள் பலவற்றில், சாதாரண வெளிச்சத்தின் ஆற்றலைக் கொண்டே அந்தப் பிணைப்பை அவிழ்த்துவிடும் ஒரு நொதி இருக்கிறது. பதப்படுத்திய பதநீரைக் கண்ணாடிபோன்ற பாட்டிலில் ஊற்றிக் கடை வாசலில் அடுக்குவது, காயப்பட்ட பாக்டீரியாவுக்கு நாமே மருத்துவம் செய்வதற்கு ஒப்பாகும். இதைப் பாடமாகப் படித்திருந்தேன். ஆனால் பாட்டிலைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தில் எடுத்துச் சொல்லத் தவறிவிட்டேன்.

ஒளியோடு சேர்க்க ஓர் இயற்கைப் பொருள் வேண்டும் என்று நிர்வாகம் விரும்பியபோது கிராம்பு எண்ணெயை எடுத்தோம். அதிலுள்ள யூஜினால் என்ற வேதிப்பொருள் பாக்டீரியாவின் செல் சவ்வைக் குலைத்து, உள்ளிருப்பதை வெளியே கசியவிடும். சோதனைக் குழாயில் அது செய்த வேலையைப் பார்த்து நான் மிகவும் மகிழ்ந்தேன். உணவுக்குள் போனதும் நிலைமை மாறிவிடுகிறது. உணவிலுள்ள கொழுப்பும் புரதமும் எண்ணெயைத் தம்பக்கம் இழுத்துக்கொள்வதால், குழாயில் போதுமான அளவைப்போல் பத்து மடங்கு, சில உணவுகளில் அதற்கும் மேல் தேவைப்படும். அவ்வளவு சேர்த்தால் நாக்கு மரத்துப்போகும். பதநீரில் கொழுப்பு இல்லை என்பதால் தப்பித்தோம் என்று நினைத்தேன். ஆனால் எண்ணெய் நீரில் கரையாமல் துளித்துளியாகப் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொண்டது. ஒரு பாட்டிலில் கிராம்பு நெடி மூக்கைத் துளைத்தது, அடுத்த பாட்டிலில் கிராம்பே இல்லை.

உவரிக் கடற்கரையில் மீனுக்கு மஞ்சளும் உப்பும் தடவுவதைச் சொல்லி, மஞ்சளையே சேர்த்துப் பார்க்கலாமே என்றார் உடன் பணிபுரிந்த ஒருவர். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் நீரில் கரைவதே அரிது. அந்த மீனைக் காப்பதில் பெரும்பங்கு உப்புக்குத்தான் என்பது என் கருத்து. ஒரு பொருள் இயற்கையானது என்பதற்காக மட்டும் அது நம் உணவில் வேலை செய்யும் என்று கொள்ள முடியாது. எந்த அளவில், எந்த பி.எச்.சில், எந்தக் கிருமியின்மேல் என்ற மூன்றையும் ஒவ்வோர் உணவுக்கும் தனியாகக் கேட்டாக வேண்டும்.

இரண்டாவது பருவத்தில், ஒளியும் கிராம்பும் சேர்ந்த முதல் தொகுதி தயாரானது. அன்றைய மாதிரிகளை, பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கப் பயன்படும் கூழான அகாரில், பித்த உப்பு கலந்த வகையில் இட்டு, இன்குபேட்டரில் ஒரு நாள் வைத்துப் பார்த்தேன். ஈ.கோலையும் அதன் உறவுகளும் அடங்கிய கோலிஃபார்ம் வகை எதுவும் வளரவில்லை. கையெழுத்திட்டேன். பாட்டில்கள் கடைகளுக்குப் போயின. ஐந்தாம் நாள், மூடி உப்பியிருப்பதாக ஒரு கடைக்காரர் தொலைபேசியில் சொன்னார். உப்பலுக்குக் காரணம் ஈஸ்ட். ஆனால் திரும்ப வந்த பாட்டில்களிலிருந்து தட்டில் இட்டபோது, முதல் நாள் இல்லாத கோலிஃபார்ம்கள் செவ்வூதா நிறத்தில் வரிசையாக வளர்ந்திருந்தன. எல்லாவற்றையும் அன்று மாலைக்குள் திரும்பப் பெற்றோம். யாருக்கும் நோய் வந்ததாகச் செய்தி இல்லை. அதற்காக நன்றி சொல்லாத நாள் இல்லை.

நடந்தது இதுதான்: ஒளியும் கிராம்பும் அந்த பாக்டீரியாக்களைக் கொல்லாமல் காயப்படுத்தியிருந்தன. நலமான ஈ.கோலை பித்த உப்பைத் தாங்கும். சவ்வு காயப்பட்ட ஈ.கோலை தாங்காது. ஆகவே அது என் தட்டில் வளரவில்லை, பாட்டிலிலோ உயிரோடு இருந்தது. சர்க்கரையும் வெளிச்சமும் சரியாகக் குளிர்விக்காத பெட்டியும் அதற்கு ஐந்து நாள் அவகாசம் கொடுத்தன. அன்றிலிருந்து மாதிரியை முதலில் ஊட்டம் மிகுந்த சாதாரண அகாரில் இட்டு, காயம் ஆற இரண்டு மூன்று மணி நேரம் விட்டு, அதன்பின் பித்த உப்பு அகாரை மேலே ஊற்றுகிறேன். முதல் நாள் தட்டைப் பார்த்து மட்டும் கையெழுத்திடுவதும் இல்லை. சூடில்லாத முறைகளில் வேலை செய்யும் எவரும், தம் தட்டு காயப்பட்டவற்றையும் எண்ணுகிறதா என்பதை எல்லாவற்றுக்கும் முன் பார்க்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

அடுத்த கேள்வி, அந்தக் கோலிஃபார்ம்கள் எங்கிருந்து வந்தன என்பது. கலயங்களைத்தான் சந்தேகித்தேன். பதநீர் இறக்கும் பெரியவர் ஒருவரிடம் இதைத் தயங்கித் தயங்கிக் கேட்டபோது அவர் கோபப்படவில்லை.

"தாயி, கலயத்த நான் தெனமும் சொரண்டிக் கழுவி வெயில்ல கமுத்துதேன். வடிகட்டுத துணிய யாரு அலசுதா, எந்தத் தண்ணியில அலசுதான்னு நீங்க பாத்தியளா?"

"இல்ல அண்ணாச்சி, பாக்கல" என்றேன்.

"அப்பம் வாங்க, காட்டுதேன்."

சேகரிப்புக் கொட்டகையின் பின்புறம், ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியில்தான் துணி அலசப்பட்டது. ஆடு மாடுகளின் குடலில் ஈ.கோலை இயல்பாகவே வாழ்கிறது. அந்தத் துணியிலிருந்து எடுத்த மாதிரியில் எண்ண முடியாத அளவுக்கு வளர்ச்சி இருந்தது. அவருடைய கலயங்கள் ஏறக்குறைய சுத்தமாக இருந்தன. கிருமியை லட்சத்தில் ஒன்றாகக் குறைக்கும் முறை எவ்வளவு திறமையாக வேலை செய்தாலும், கோடியில் தொடங்கினால் நூறு எஞ்சும். என் விளக்கின் வலிமையைக் கூட்டுவதில் நான்கு மாதம் செலவிட்டேன். அந்தத் தொட்டியைப் பார்க்க அரை நாள்கூடச் செலவிட்டிருக்கவில்லை.

நான்காம் பருவத்தில் உயர் அழுத்த முறைக்குப் போனோம். இது புதிதல்ல, 1899-லேயே மேற்கு வர்ஜீனியாவில் பெர்ட் ஹைட் என்பவர் அழுத்தத்தின் மூலம் பால் கெடாமல் இருக்கும் காலத்தை நீட்டிக் காட்டியிருக்கிறார். பாட்டிலில் அடைத்த பானத்தை நீர் நிரம்பிய உருளைக்குள் வைத்து 600 மெகாபாஸ்கல் வரை அழுத்துகிறார்கள். கடலின் மிக ஆழமான பள்ளத்தில் உள்ள அழுத்தத்தைப்போல் அது ஐந்து மடங்குக்கும் மேல். எல்லாப் பக்கமும் சமமாக அழுந்துவதால் பாட்டில் நசுங்குவதில்லை. ஆனால் வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக் பாட்டிலாக இருக்க வேண்டும், கண்ணாடி உதவாது. அழுத்தம் புரதங்களின் மடிப்பையும் செல் சவ்வையும் குலைக்கும். மணமும் சுவையும் தரும் சிறு மூலக்கூறுகளின் வலுவான பிணைப்புகளை அசைக்காது. அத்தகைய இயந்திரம் வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. வெளி மாநிலத்தில் கூலிக்கு அழுத்திக் கொடுக்கும் ஆலைக்குக் குளிர்வண்டியில் அனுப்பினோம். மூன்று நிமிட அழுத்தத்துக்குப் பின் திரும்பி வந்த பாட்டிலைத் திறந்தபோது மரத்தடி வாசனை அப்படியே இருந்தது. அன்று கூடத்தில் இருந்த எல்லோரும் ஒரு வாய் குடித்தோம்.

ஆயினும் அதை விற்க நான் சம்மதிக்கவில்லை. அழுத்தம் வளரும் செல்களைக் கொல்லும், சில பாக்டீரியாக்கள் உறக்க நிலையில் கிடக்க உண்டாக்கும் உறுதியான வித்துகளைக் கொல்லாது. கொடிய நஞ்சை உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா மண்ணில் வாழ்வது. அதன் வித்துகள் இந்த அழுத்தத்தைத் தாங்கி இருக்கும். பி.எச். 4.6-க்குக் கீழே அவை முளைத்து நஞ்சை உண்டாக்க முடியாது. சுண்ணாம்பு நீக்கிய பதநீரோ 7-ஐ ஒட்டி நிற்கிறது, காற்றுப் புகாமல் மூடப்பட்டும் இருக்கிறது. போட்டியிடும் மற்ற பாக்டீரியாக்களை நாமே அகற்றிவிட்டிருக்கிறோம். 2006-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும், குளிரில் வைத்திருக்க வேண்டிய அமிலம் குறைந்த கேரட் சாற்றால் சிலர் அந்த நஞ்சுக்கு ஆளானார்கள். அந்தச் சாறு மிதமாகச் சூடுபடுத்தப்பட்டதுதான். அந்தச் சூடும் வித்துகளைத் தொடவில்லை. மின்சாரம் நின்று நின்று வரும் கோடையில், கடைக்காரரின் குளிர்பெட்டியை நம்பி ஓர் உயிரைப் பணயம் வைக்க முடியாது என்று எழுத்தில் கொடுத்தேன். நிர்வாகத்தில் சிலருக்கு வருத்தம். அன்று எழுதியதை இன்றும் அப்படியே எழுதுவேன்.

வழியைக் காட்டியது புளியங்குடி எலுமிச்சை. சாறு பிழிந்து பி.எச். 4.2-க்குக் கொண்டுவந்தால் வித்துகள் உறங்கியே கிடக்கும். அமிலச் சூழலில் அதே அழுத்தம் ஈ.கோலையையும் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமியையும் இன்னும் கடுமையாகத் தாக்கும். காயப்பட்டுத் தப்பியவையும் அமிலத்தில் தேறி எழுவது கடினம். சுவை மாறிவிடுகிறது என்பதை மறைக்கவில்லை. எலுமிச்சை சேர்த்த பதநீர் என்றே பாட்டிலில் அச்சிட்டோம்.

இந்த அமிலத்தில் நைசினையும் ஆய்வுக்கூட அளவில் சோதித்துவருகிறேன். பாலில் வாழும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற பாக்டீரியா, தன் போட்டியாளர்களை அடக்க உண்டாக்கும் 34 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம் அது. 1928-லேயே அதன் விளைவு கவனிக்கப்பட்டது. 1969-இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்த வல்லுநர் குழு உணவில் சேர்க்க ஏற்றது என்றது. லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமியையும், வித்துகளிலிருந்து முளைத்து எழும் செல்களையும் அது நன்றாக அடக்கும். ஈ.கோலை போன்றவற்றின் வெளிச்சவ்வைத் தாண்டி அதனால் உள்ளே போக முடியாது. அழுத்தம் அந்தச் சவ்வைக் கிழித்துவிட்டால் போய்விடும். காரத்தில் நைசின் செயலிழப்பதால், சுண்ணாம்பு இருக்கும் பதநீரில் அதற்கு வேலையில்லை. எலுமிச்சை சேர்ந்த பின்னரே அதற்கு வலு. இந்த முறைகள் ஒவ்வொன்றும் தனியாக அரைகுறையானது. முறையாக அடுக்கினால் ஒன்று திறந்த கதவில் மற்றொன்று நுழைகிறது. ஜெர்மானிய அறிஞர் லோதர் லைஸ்ட்னர் இவற்றைத் தடைகள் என்று அழைத்தார்: ஓடுபவன் ஒரு தடையைத் தாண்டலாம், வரிசையாக வைத்தால் களைத்துப்போவான்.

எங்கள் வரிசையின் முதல் தடை இன்றும் கலயத்துச் சுண்ணாம்புதான். அடுத்தது, கொட்டகையில் பழைய கருப்பட்டி அடுப்பின்மேல் ஏற்றியிருக்கும் பெரிய அண்டா. அதில் விடியற்காலை நான்கு மணிக்கு வடிகட்டும் துணிகள் கொதிக்கின்றன. அந்த அடுப்பை மூட்டுபவரிடம், துணி கொதித்ததா என்று அந்தப் பெரியவர் கலயம் இறக்கும் முன் தினமும் கேட்கிறார் என்று சொன்னார்கள். இந்தப் பருவத்து முதல் தொகுதியின் பத்தாம் நாள் தட்டுகளை இன்று காலை பார்த்தேன். ஒன்றிலும் வளர்ச்சி இல்லை. இருபதாம் நாள் தட்டுகளைப் பார்த்த பிறகே கையெழுத்திடுவேன்.