மூச்சு விடும் சில்லு

வெள்ளையணு ஒன்று ரத்தநாளச் சுவரில் ஒட்டி நின்றது. மெல்ல நெளிந்து, ஒரு துளை வழியே அந்தப் பக்கம் போய்விட்டது.

மத்தியானம் சாப்பிடும்போது இந்த வீடியோவைப் பார்த்தேன். சாம்பார் ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

இது நடந்தது உடம்புக்குள் இல்லை. பென்டிரைவ் அளவே உள்ள, கண்ணாடி போலத் தெளிவான ஒரு ரப்பர் சில்லுக்குள் (சிப்). ஹார்வர்டின் வீஸ் நிறுவனத்தில் டொனால்ட் இங்பர் குழுவினர் 2010இல் வெளியிட்ட நுரையீரல் மாதிரி.

நடுவில் துளைகள் நிறைந்த மெல்லிய சவ்வு. ஒரு பக்கம் மனித நுரையீரல் செல்களும் காற்றும். மறுபக்கம் ரத்தநாளச் செல்களும் ஓடும் திரவமும். ஓரங்களில் காற்றை உறிஞ்சி உறிஞ்சி விட்டால் சவ்வு விரிந்து சுருங்குகிறது. அதுதான் மூச்சு!

காற்றுப் பக்கம் ஈ.கோலை பாக்டீரியாவை விட்டார்கள். எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்த வெள்ளையணுக்கள் மோப்பம் பிடித்து, சவ்வைத் தாண்டி வந்து விழுங்கின.

உயிருள்ள எலியின் நுரையீரலுக்குள் இதை இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது லேசில்லை. அப்புறம், எலிக்கு வரும் அழற்சி நமக்கும் அப்படியே வரும் என்ற உத்தரவாதமும் கிடையாது.

அதற்காக இதை முழு நுரையீரல் என்று நம்பிவிட முடியாது. நோய் எதிர்ப்புச் செல்கள் கூடும் நிணநீர் முடிச்சு இல்லை, மூளை இல்லை. எத்தனை பாக்டீரியாவை விட்டாலும் சில்லுக்குக் காய்ச்சல் வராது, இருமவும் தெரியாது.